எந்தக் கே.கே.நகர்

பிரிண்டர் உறுமிக்கொண்டு எழுந்தபோது தனுஷ்கோடி எதையும் பிரிண்ட் கொடுத்திருக்கவில்லை. கொடுத்தாலே ஒழுங்காக வராத மூதேவி, கொடுக்காமல் எதற்கு வருகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அதை முறைத்தார். முறைப்பதற்கு ஆபீசில் வேறு யாரும் இல்லை. மெக்கானிக்குகள் எல்லோரும் லிஃப்ட் நின்றுபோன இடங்களுக்குக் கிளம்பிப் போயாயிற்று. கூட்டிப் பெருக்கும் பாண்டியம்மாள் வாளியைக் கவிழ்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயாயிற்று. மதுரை கே.கே.நகரில், லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனிக் கிளையில், காலை நேரத்துக்கு மிச்சம் இருப்பது சீனியர் சூப்பர்வைசர் தனுஷ்கோடியும், அவர் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனும், எதிரே காலியாகக் கிடக்கும் ஒரு நாற்காலியும்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்த் தாளை எடுத்தார். டெஸ்ட் பேஜ். கலர் கலராகக் கோடுகள், அதற்குக் கீழே உங்கள் பிரிண்டர் சரியாக இணைந்துவிட்டது என்று இங்கிலீஷில் ஒரு வாழ்த்து, அதற்கும் கீழே அனுப்பிய லேப்டாப்பின் பெயர். மங்கை. அவருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. வந்து உட்கார்ந்துவிட்டாளோ என்று அந்தக் காலி நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்த்தார். இல்லை. போன மாசம் திருச்சிக்கு மாற்றலாகிப் போனவள், போகும்போது லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனவள், ஊர் மாறியும் இந்த ஆபீசை விடமாட்டேன் என்கிறாளே. பேய்கூட ஒரு இடத்தை விட்டுப் போனால் போனதுதான். மங்கையர்க்கரசிக்கு அந்த நாகரிகமும் கிடையாது.

அந்த மாற்றல் அவருக்கு வந்திருக்க வேண்டியது. இதை அவர் பல் தேய்க்கும்போது நினைப்பார், மெஸ்ஸில் ஆறிப்போன சாம்பாரைப் பிசையும்போது நினைப்பார், ராத்திரி அறையில் கொசுவத்தியைப் பற்ற வைக்கும்போது நினைப்பார். வீடு எங்கே சார் என்று யாராவது கேட்டால் கே.கே.நகர் என்பார். ஆபீஸ்? கே.கே.நகர். அப்ப நடந்தே வந்துரலாமே சார் என்பார்கள். வீடு இருப்பது திருச்சி கே.கே.நகரில், ஆபீஸ் இருப்பது மதுரை கே.கே.நகரில், நடுவில் விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் என்று ஒரு உலகமே கிடக்கிறது என்று விளக்கினால் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துச் சிரித்தே வருஷங்கள் ஓடிவிட்டன. ஒவ்வொரு சனிக்கிழமையும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்ப ஏறி. வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே, அப்பா எப்ப கிளம்புறீங்க என்று கேட்கிறாள் மகள் அகிலா. கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, விருந்தாளியிடம் கேட்பது மாதிரிதான் கேட்கிறாள், அதுதான் குத்துகிறது. திருச்சிக் கிளை அதுவரைக்கும் தில்லைநகரில் இருந்தது. அதைக் கே.கே.நகருக்கே, அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு புதுக் கட்டடத்துக்கு மாற்றப்போகிறார்கள், கிளைக்குப் புதுப் பொறுப்பாளரும் வேண்டும் என்று தெரிந்த அன்றைக்கே அவர் ஸோனல் மேனேஜர் பரஞ்சோதிக்கு மெயில் போட்டார். பார்க்கலாம் என்றார் பரஞ்சோதி. பார்த்தார். மங்கையர்க்கரசியைப் பார்த்தார். அவள் சின்னவள், சுறுசுறுப்பு, இங்கிலீஷில் பேசுவாள், கஸ்டமர்களிடம் சிரிக்கத் தெரியும். தனுஷ்கோடிக்குத் தெரிந்ததெல்லாம் லிஃப்ட் எப்போது சரியாகும் என்று கேட்டால் சரியாகும்போது சரியாகும் என்று உண்மையைச் சொல்வது. அதற்கெல்லாம் யார் பதவி கொடுக்கிறார்கள்?

இதில் வயிற்றெரிச்சலுக்கு மேல் வயிற்றெரிச்சல், அவளுக்கு அங்கே வீடு பார்த்துக் கொடுத்தது அவருடைய மனைவி தமயந்தி. உங்க ஆபீஸ் பொண்ணு, புது ஊர்ல தனியா என்ன பண்ணும் என்று அடுத்த தெருவில் மாடி போர்ஷன் பிடித்துக் கொடுத்தாள். இப்போது வாரத்தில் பாதி நாள் மங்கை அவர் வீட்டில்தான் காபி குடிக்கிறாளாம். அகிலாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாளாம். அவர் உட்கார வேண்டிய சோபாவில் உட்கார்ந்து, அவர் குடிக்க வேண்டிய காபியைக் குடித்துக்கொண்டு. நேற்று ராத்திரி போனில் தமயந்தி அவர் சாப்பிட்டாரா என்று கேட்பதற்கு முன்னால் மங்கை கதையைத்தான் எடுத்தாள். “பாவங்க, ஒரே டென்ஷன்ல இருக்கா. நாளைக்கு அந்தப் பெரிய ஆஸ்பத்திரி டிரஸ்டி கையெழுத்துப் போட ஆபீசுக்கே வராராம். மத்தியானம் பன்னண்டு மணிக்குக் கிளம்பி ஏர்ப்போர்ட் போயிருவாராம், அப்புறம் வெளிநாடாம். மெட்ராஸ்லேருந்து உங்க பெரிய ஆபீசர் பரஞ்சோதியும் வந்து உக்காரப் போறாராம். கையெழுத்து வாங்கலைன்னா இந்தப் பொறுப்பே கையை விட்டுப் போயிரும்னு அழுவுற மாதிரி பேசுறா.” தனுஷ்கோடி உம் கொட்டினார். அவள் கையை விட்டுப் போனால் யார் கைக்கு வரும் என்று யோசிச்சுப் பாத்தியாடி என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, கதவை நல்லாப் பூட்டிட்டுப் படு என்று சொல்லி வைத்தார்.

டெஸ்ட் பேஜைக் கையில் வைத்துக்கொண்டு அவர் இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆபீஸ் போன் அடித்தது. சென்னை ஹெல்ப்டெஸ்க்கிலிருந்து கௌசல்யா என்று ஒரு பெண். குரலில் தூக்கம் இன்னும் போகவில்லை. “சார், கே.கே.நகர் ப்ராஞ்சா?” ஆமா என்றார். “உங்க பிரிண்டர் ஆன்ல இருக்கா சார்?” இருக்கே. “டெஸ்ட் பேஜ் ஒண்ணு அனுப்பினோம், வந்துச்சா?” வந்துச்சு. கேட்ட கேள்விக்கு வாய் தானாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது, மூளை அப்போதுதான் மெதுவாகப் படியேறி வந்தது. “சூப்பர் சார். மேடம் பக்கத்துல இருக்காங்களா?” பக்கத்துல இல்ல என்றார் தனுஷ்கோடி. சத்தியமாக இல்லை. “பரவால்ல சார், நான் அவங்களுக்குச் சொல்லிடறேன், தேங்க்ஸ்” என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் விஷயம் முழுசாகப் புரிந்தது. திருச்சிக்குப் போன லேப்டாப்பில் பிரிண்டர் சேர்க்கிறார்கள். எந்தக் கிளை மேடம் என்று இவள் கேட்டிருப்பாள், கே.கே.நகர் என்று அவள் சொல்லியிருப்பாள். லிஸ்ட்டில் கே.கே.நகர் என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கும், மதுரை. திருச்சி மெஷின் இடம் மாறினாலும் லிஸ்ட்டில் இன்னும் தில்லைநகராகத்தான் கிடக்கும், அதையெல்லாம் யார் உட்கார்ந்து திருத்துகிறார்கள். சென்னையில் இருப்பவர்களுக்குத் தாம்பரம் தாண்டினால் எல்லாம் ஒரே ஊர்தான். எந்தக் கே.கே.நகர் என்று கேட்க அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை. சொல்ல இவருக்கும் தோன்றவில்லை. தோன்றவில்லையா? அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறதே, இப்போது கூப்பிட்டுச் சொல்லலாமே, மதுரைம்மா இது என்று ஒரு வார்த்தை. அவர் போனைப் பார்த்தார். போன் அவரைப் பார்த்தது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிரிண்டர் மறுபடி உறுமியது. இந்தத் தடவை டெஸ்ட் பேஜ் இல்லை, ஒப்பந்தம். கம்பெனிச் சின்னம், ஆஸ்பத்திரி பெயர், ஐந்து வருஷப் பராமரிப்பு, எத்தனை லிஃப்ட், எந்த மாடி, நின்றுபோனால் எவ்வளவு நேரத்தில் ஆள் வரவேண்டும், வராவிட்டால் என்ன. கடைசிப் பக்கத்தில் டிரஸ்டியின் பெயருக்கு மேல் ஒரு கோடு, மங்கையர்க்கரசியின் பெயருக்கு மேல் ஒரு கோடு. தாள்கள் சூடாக இருந்தன. அகிலா பிறந்த ஆஸ்பத்திரி அது. பிரசவ வார்டு வாசலில் காத்திருந்த நேரத்தில் அந்த லிஃப்ட் நடுங்கி நடுங்கி ஏறுவதைப் பார்த்துவிட்டு, இந்த இடத்தை நாம் பிடிக்கலாம் சார் என்று கம்பெனிக்கு முதலில் சொன்னவர் அவர்தான். அப்போது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது அதில் மங்கையர்க்கரசியின் பெயருக்கு மேல் கோடு. அவர் தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்து மேசையில் வைத்தார். அங்கே அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைக்க ஒரு சுகம் இருந்தது. அங்கே இருக்கிற மெஷினுக்கு முன்னால் நின்று, தட்டைத் திறந்து, தாளைச் சரி செய்து, திரும்ப லேப்டாப்புக்கு ஓடி. வெளியே ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொள்ளலாமே? முடியாது. கம்பெனி லேப்டாப்பில் பென்டிரைவ் போட்டால் எடுக்காது, வெளியாள் மெயிலுக்கு எதுவும் போகாது. அங்கே இருக்கிற மற்ற கம்ப்யூட்டர்கள் இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை என்று தமயந்தியே சொன்னாள். அவள் முழுக்க மாட்டிக்கொண்டாள். மாட்டிவிட்டது நானா? நான் ஒரு விரலை அசைத்தேனா? கே.கே.நகரா என்றாள், ஆமா என்றேன். ஆன்ல இருக்கா என்றாள், இருக்கு என்றேன். இதில் எது பொய்? தனுஷ்கோடி சார் பொய் சொல்ல மாட்டாருப்பா என்று மெக்கானிக்குகள் கேலியாகச் சொல்வார்கள், கேலியாகச் சொன்னாலும் அது உண்மைதான், அந்த உண்மையை வைத்துக்கொண்டுதான் அவர் இந்த ஊரில் இத்தனை வருஷமாக நிமிர்ந்து நடக்கிறார்.

ஆனால் அவளை ஏன் இவ்வளவு பிடிக்காமல் போயிற்று என்று கேட்டால் மாற்றல் மட்டும் இல்லை. அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி நினைக்க வேண்டாம் என்று நினைக்கும்போதே அது வந்து நின்றுவிடும். ஒரு ஜவுளிக்கடைக் கட்டடத்தில் சோதனைக்குப் போயிருந்தார்கள், இரண்டு பேரும் லிஃப்ட்டுக்குள், கரண்ட் போய்விட்டது. பேட்டரி விளக்கும் எரியவில்லை. கும்மிருட்டு. லிஃப்ட் கம்பெனியில் தலை நரைத்தவர், எத்தனை லிஃப்ட்டிலிருந்து எத்தனை பேரை வெளியே இழுத்துப் போட்டவர், வெளியே நின்றுகொண்டு பயப்படாதீங்க காத்து வரும் என்று கத்தியவர். உள்ளே அன்றைக்குத்தான் முதல் தடவை மாட்டியிருந்தார். மூச்சு முட்டியது. கடைப் பெண்கள் போட்ட பவுடர் வாசனையும் கிரீஸ் வாசனையும் சேர்ந்து தொண்டையை அடைத்தன. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு, ஐயோ ஐயோ என்று சொன்னார். ஒருவேளை அம்மா என்றும் சொன்னாரோ என்னவோ. அவள் ஒன்றும் பேசவில்லை, கையை உருவவும் இல்லை. வெளிச்சம் வந்ததும் தானாக விட்டார். அவள் ரெஜிஸ்டரை எடுத்து வேலையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரு நாள், ஒரு நாள்கூட அவள் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மெக்கானிக்குகளிடம் சொல்லவில்லை, அவரிடம் கேலி செய்யவில்லை, கண்ணில்கூட ஒரு சிரிப்புக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் அவரும் திருப்பி ஏதாவது சொல்லி, சண்டை போட்டு, தீர்த்திருக்கலாம். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் இருட்டில் அழுததைத் தெரிந்து வைத்துக்கொண்டு, காபி வேணுமா சார் என்று கேட்டுக்கொண்டு இருந்தாளே, அதை எப்படி மன்னிப்பது. அவளைப் பார்த்தபோதெல்லாம் அவருக்குத் தன் உள்ளங்கை வேர்த்தது. அவள் மாற்றலாகிப் போன அன்றைக்கு வயிறு எரிந்ததோடு கூடவே ஒரு நிம்மதியும் வந்தது, அந்த நிம்மதியும் அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பிரிண்டர் இப்போது நிற்பதே இல்லை. ஒப்பந்தம் முழுசாக இன்னொரு தடவை வந்தது, அப்புறம் இன்னொரு தடவை. அவள் பொத்தானை அழுத்துகிற வேகம் அங்கிருந்து இங்கே தெரிந்தது. அப்புறம் ஒரு தாள் வந்தது, அதில் நடுவில் ஒரே ஒரு வார்த்தை. வருதா. சோதித்துப் பார்க்கத் தட்டியிருக்கிறாள். தனுஷ்கோடிக்கு ஒரு நிமிஷம் என்ன செய்வது என்று தெரியவில்லை. யாரோ அறைக்கு வெளியே நின்று கேட்டது மாதிரி இருந்தது. வருது என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, முணுமுணுத்ததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டார். அடுத்த தாளில், ஏன் வரமாட்டேங்குற. அதற்கடுத்த தாளில் எழுத்தைப் பெரிசாக்கி, வந்து தொலை சனியனே. அவருக்கு முகம் சிவந்தது. மெஷினைத்தான் திட்டுகிறாள், மெஷினைத்தான், தெரியும், ஆனால் படித்தது அவர்தானே. யாரைப் பார்த்துச் சனியன் என்கிறாய்? உட்கார்ந்த இடத்தில் தேடி வந்து திட்டிவிட்டுப் போகிறாயா? இப்போது சொல்லத்தான் மாட்டேன், போ. மெஷினை அணைத்துவிடலாமா என்று பிளக் வரைக்கும் கை போனது. அணைத்தால் ஹெல்ப்டெஸ்க்கில் சிவப்பு விளக்கு எரியும், எந்த மெஷின் என்று நோண்டுவார்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். ஓடட்டும். ஓடுகிற வரைக்கும் எல்லாம் சரியாக இருக்கிறது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டபோது தான் எவ்வளவு தெளிவாக யோசிக்கிறோம் என்று அவருக்கே ஒரு ஆச்சரியம். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு யோசனை எதற்கு என்று உள்ளே ஏதோ ஒன்று கேட்டது. அதை அதட்டி உட்கார வைத்தார்.

கௌசல்யா மறுபடி கூப்பிட்டாள். தூக்கம் போய் எரிச்சல் வந்திருந்தது. “சார், அதே கே.கே.நகர்தானே? பேப்பர் ஜாம் ஏதாச்சும் இருக்கா?” இல்லை. “வேற பிரிண்டர் வெச்சிருக்கீங்களா?” இல்லை, இது ஒண்ணுதான். “மேடம் ஒண்ணுமே வரலைன்னு கத்தறாங்க சார்.” தனுஷ்கோடி பிரிண்டரைப் பார்த்தார், அது அப்போதும் ஒரு தாளை நீட்டிக்கொண்டிருந்தது. “இங்க வந்துக்கிட்டுத்தாம்மா இருக்கு” என்றார். அந்தப் பக்கம் அவள் இன்னொரு போனை எடுத்து, மேடம் வருதாம் மேடம், அங்க ஸ்டாஃப் கன்ஃபர்ம் பண்றாங்க, நீங்க மெஷின் கிட்ட போய்ப் பாருங்க என்று சொல்வது கேட்டது. அதற்குப் பின்னால் குட்டியாக, தூரத்தில், மங்கையர்க்கரசியின் குரல். வார்த்தை புரியவில்லை, அழுகைக்கு முந்தின குரல் என்று மட்டும் புரிந்தது. அவருக்கு அந்தக் குரல் தெரியும். அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எதிர் நாற்காலியில் அதைக் கேட்டிருக்கிறார், அன்றைக்கு அவர்தான் அவளை பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டார். “இது ம…” என்று ஆரம்பித்தார். “சொல்லுங்க சார்?” என்றாள் கௌசல்யா. ஒரு ஊர்ப் பெயர். இத்தனை வருஷமாகப் பிழைக்கிற ஊரின் பெயர். அதைச் சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா. சொன்னால் பன்னிரண்டு மணிக்குள் அவள் கையெழுத்து வாங்கிவிடுவாள். பரஞ்சோதி தட்டிக் கொடுப்பார். அவள் அங்கேயே இருப்பாள், அடுத்த தெருவில், அவர் காபியைக் குடித்துக்கொண்டு, அவர் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டு. அவர் இங்கேயே இருப்பார். ஒருநாள் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் மறுநாள் பாண்டியம்மாள் ஆபீஸ் சாவி கேட்டு வந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். “ஒண்ணுமில்லம்மா” என்றார். போன் வைக்கப்பட்ட பிறகும் அந்த ‘ம’ உதட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொண்டார்.

மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். முதல் பிரதி, இரண்டாம் பிரதி, திட்டு வந்த தாள்கள் தனியாக. இந்நேரம் டிரஸ்டி வாட்ச்சைப் பார்த்திருப்பார். பரஞ்சோதி உதட்டைப் பிதுக்கியிருப்பார். பத்துப் பதினைந்து தாளை எடுக்கத் தெரியாதவளுக்கு ஒரு கிளையா என்று நினைத்திருப்பார். அடுத்த வாரம் ஒரு மெயில் வரும், மிஸ்டர் தனுஷ்கோடி, நீங்கள் முன்பு கேட்டிருந்தபடி என்று. பெட்டியைக் கட்டுவார். அறைச் சாவியைக் கொடுப்பார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவார், அகிலா கேட்பாள், அப்பா எப்ப கிளம்புறீங்க. கிளம்பலைம்மா. இனிமே கிளம்பலை. அவள் என்ன சொல்வாள் என்று நினைத்துப் பார்த்தார், அந்த இடத்தில் அவருக்கு அகிலாவின் முகம் சரியாக வரவில்லை. சந்தோஷமாக வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. அப்ப மங்கை அக்கா எங்கப்பா போவாங்க என்று கேட்கிற முகம்தான் வந்தது. அந்த முகம் பொருந்தியது. தமயந்தியும் கேட்பாள். ஏங்க, என்னதான் ஆச்சு அன்னைக்கு, மெஷின் கோளாறுன்னு சொன்னாளே. என்ன சொல்வது? என்னிடம் யாரும் கேட்கவில்லை என்று தமயந்தியிடம் சொல்ல முடியுமா? தமயந்தி ஒரு பார்வை பார்ப்பாள், அத்தோடு முடிந்தது. சரி, சொல்லித் தொலைப்போம். இன்னும் நேரம் இருக்கிறது, இப்போது கூப்பிட்டாலும் எட்டிப் பிடித்துவிடுவாள். சொல்லிவிட்டுப் போய் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு இங்கேயே கிடந்து சாகலாம், நல்லவன் என்ற பெயரோடு. செல்போனை எடுத்தார். மங்கை என்ற பெயரைத் தேடி விரலை அதன் மேல் கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தார். அழுத்தவில்லை. அழுத்தலாம். நான் ஏன் முதலில் கூப்பிட வேண்டும், தேவை அவளுக்கா எனக்கா, இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு எனக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லை பார், மெட்ராஸ்காரியைக் கூப்பிடத் தெரிகிறது, என்னைக் கூப்பிட்டால் கௌரவம் குறைந்துவிடுமா. அவள் கேட்கட்டும். கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்டால் நிச்சயம் சொல்லிவிடுவேன். போன் அவர் கையிலேயே அடித்தது. மங்கை.

“சார், மங்கை பேசுறேன். நல்லாருக்கீங்களா சார்? ஒரே ஒரு விஷயம்.” ஓடி வந்தவளின் மூச்சு. “எனக்கு இப்பத்தான் சார் தோணுச்சு. கே.கே.நகர்னு சொல்லி பிரிண்டர் சேத்தாங்க. காலையிலேருந்து அடிக்கிறேன், இங்க ஒண்ணும் வரல. ஒருவேளை உங்க கே.கே.நகர்ல வருதா சார்?”

“இல்லையேம்மா” என்றார் தனுஷ்கோடி.

அவ்வளவு சுலபமாக வந்தது. காலையிலிருந்து காப்பாற்றி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டது. ஏன் சொன்னோம் என்று அவருக்கே புரியவில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன் என்று ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தானே சொன்னார். இப்போது திரும்பவும் முடியாது, இல்லை என்று சொன்ன பிறகு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது. இல்லை என்றால் இல்லைதான். தாள்களை எரித்துவிடலாம், கிழித்துவிடலாம், மாட்டுத்தாவணியில் ஏதாவது ஒரு பஸ்ஸில் போட்டுவிட்டு வந்துவிடலாம்.

“அப்படியா சார். ஒரு செகண்ட் லைன்லயே இருங்க, போனைக் கீழ வைக்கிறேன், ரெண்டு கையும் வேணும்.” பொத்தான்கள் தட்டும் சத்தம் கேட்டது. குரல் கொஞ்சம் தள்ளிப்போய், பெரிய அறைக்குள்ளிருந்து வருவது போல எதிரொலித்தது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். “இப்ப ஒண்ணு குடுத்திருக்கேன் சார்.”

அவர் முதுகுக்குப் பின்னால் பிரிண்டர் உறுமிக்கொண்டு எழுந்தது. அவர் போனை நெஞ்சோடு அமுக்கினார், அமுக்கியபடியே இருமினார், நாற்காலியை இழுத்தார், ஜன்னலைப் படார் என்று சாத்தினார். ஒன்றும் போதவில்லை. கிழட்டு மெஷின் தன் எலும்பெல்லாம் கடகடக்க ஒரு தாளை இழுத்து, மென்று, நீட்டியது. அந்தச் சத்தத்தோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள். போனை மறுபடி காதுக்குக் கொண்டுவந்தார்.

“சார்.”

“ம்.”

“கேக்குது சார்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மழை பெய்யுது என்பது மாதிரி சொன்னாள்.

“காலையிலேருந்தே வருதா சார்?”

தனுஷ்கோடி மேசையில் அடுக்கி வைத்திருந்த தாள்களைப் பார்த்தார். ஓரமெல்லாம் ஒன்றாகத் தட்டி, பிரதி பிரதியாகப் பிரித்து, எவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தார்.

“ஆமா” என்றார்.

“அப்ப தில்லைநகர்னு ஒண்ணு கிடக்கே, அதுதான் நம்மளது” என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். பொத்தான்களைத் தட்டினாள். அப்புறம் அங்கே, அந்தப் புதுக் கட்டடத்தில், அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு நல்ல மெஷின் மெல்லிய சத்தத்தோடு ஓட ஆரம்பித்ததும், தாள் மேல் தாள் விழுந்ததும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. வந்துருச்சு, வந்துருச்சு என்று யாரோ சொன்னார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. வெச்சிருங்க, கையெழுத்தைப் போட்டுட்டே கிளம்பறேன் என்றது வயசான ஒரு குரல். போனை வைத்துவிட வேண்டும் என்று தனுஷ்கோடிக்குத் தெரிந்தது, விரல்தான் நகரவில்லை. அப்போது பரஞ்சோதியின் குரல் போனுக்குப் பக்கத்தில் வந்தது.

“வெரிகுட்மா. லைன்ல யாரு, இன்னும் ஓடிக்கிட்டிருக்கே?”

தனுஷ்கோடி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“யாரும் இல்ல சார்” என்றாள் மங்கையர்க்கரசி.

லைன் கட்டாயிற்று. அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.